கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போது?

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"புதிய மருத்துவ ஆய்வுகளும் நமது அன்றாட ஆரோக்கியமும்" என்று சங்கத்தினர் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இருபது நிமிடத்துக்கு இது பெரிய தலைப்பு. புதிய ஆய்வுகளுக்குக் குறைவே இல்லை, தினமும் நம் கைத்தொலைபேசிக்கு வந்து விழுகின்றன. ஒரு கிழமை தேநீர் நல்லது, மறு கிழமை கூடாது. கிளினிக்கில் எங்களிடம் வரும் அம்மாமார், "டொக்டர், வெண்டிக்காய் ஊறவைச்ச தண்ணி குடிச்சா குளிசையை விடலாமாமே?" என்று கேட்கிறார்கள். அவர்களில் குறை இல்லை. அந்தச் செய்தியை அனுப்பியவர் பெரும்பாலும் கனடாவில் இருக்கும் படித்த மகள்தான்.

இப்படி வருகிற செய்திகளில் பல, எலிகளிலோ முப்பது நாற்பது பேரிலோ சில கிழமைகள் செய்து பார்த்தவை. ஆயிரக்கணக்கானவர்களில் ஆண்டுக்கணக்காகச் செய்த ஆய்வுகள் சுவாரசியமாக இருப்பதில்லை, அதனால் யாரும் அவற்றை அனுப்புவதும் இல்லை. அப்படிப்பட்ட சுவாரசியமில்லாத விசயம் ஒன்றைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறோம். அது குருதி அமுக்கம், நம் ஊர்ப் பேச்சில் பிரஷர்.

இலங்கையில் 2021இல் நடந்த தேசிய ஆய்வின்படி வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் குருதி அமுக்கம் இருக்கிறது. இந்த மண்டபத்தில் ஒரு வாங்கில் மூன்று பேர் இருக்கிறீர்கள். யார் அந்த ஒருவர் என்று முகத்தைப் பார்த்து எங்களாலும் சொல்ல முடியாது. தலையிடித்தால்தான் பிரஷர், படபடத்தால்தான் பிரஷர் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது எந்த அறிகுறியும் தருவதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கேள்வி. கையை உயர்த்த வேண்டாம், மனதுக்குள் சொன்னால் போதும். உங்களுக்குக் கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போது?

நம்மில் பலருக்கு விடை, "கடைக்குட்டி வயிற்றில் இருந்தபோது" என்பதாகத்தான் இருக்கும். பிள்ளை வயிற்றில் இருந்தால் மாதா மாதம் கிளினிக், ஒவ்வொரு முறையும் பிரஷர், சலப் பரிசோதனை. பிள்ளை பிறந்த பிறகு மருத்துவ மாது வீடு தேடி வருவார். தடுப்பூசிகள் முடிந்ததும் அவர் வருவது நின்றுவிடும், நாமும் அந்தக் கொப்பியை அலுமாரியில் வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு இருபது, இருபத்தைந்து வருடம் நம் கையில் அந்தப் பட்டியை யாரும் சுற்றுவதில்லை. வயல், வீடு, பிள்ளைகளின் ரியூஷன், மாமியாரின் வருத்தம். இவற்றோடு இடப்பெயர்வும் சேர்ந்து ஓடிய வருடங்கள் அவை. ஐம்பத்தைந்து வயதில் ஒருநாள் காலையில் வாய் கோணி, கை விழுந்து, ஓட்டோவில் ஏற்றி வருகிறார்கள். அப்போது அளந்தால் 210/120 என்று இருக்கும். பாரிசவாதம் அன்றைக்குத்தான் வந்தது, பிரஷர் பல வருடமாக அங்கேயே இருந்தது.

இந்த இடத்தில் மருத்துவ மாதுக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. கூடக்குறைய நம் பாடசாலையின் வயதுதான் அதற்கும். 1940களின் நடுப்பகுதியில் இந்த நாட்டில் 100,000 பிரசவங்களுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்தத் தொகை 40க்கும் கீழே. பெரிய இயந்திரங்கள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் கிரவல் ரோட்டில் வந்து, படலையில் நின்று, "தங்கச்சி, இந்த மாதம் கிளினிக்குக்கு வரேல்லையே?" என்று கேட்ட பெண்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

அதே ஆளைக் கொண்டு பிரஷரையும் குறைக்க முடியுமா என்று ஓர் ஆய்வு பார்த்தது. சிங்கப்பூரில் பணியாற்றும் தஸீன் ஜாஃபர் என்ற பெண் மருத்துவர் தலைமை தாங்கினார். பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் முப்பது கிராமப்புறச் சமூகங்களில், பிரஷர் உள்ள 2,645 பேரைச் சேர்த்தார்கள். பாதி இடங்களில் வழக்கமான சிகிச்சை. மற்றப் பாதியில், அரசாங்கத்தின் அடிமட்டச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் அளந்தார்கள், உப்பு, சாப்பாடு, குளிசை பற்றிப் பேசினார்கள், கூடியிருந்தவர்களை அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் நம் பொதுச் சுகாதார மருத்துவ மாதுக்கள். இரண்டு வருட முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் மேல் எண் சராசரியாக 3.9 குறைந்திருந்தது, வீட்டுக்கு ஆள் போன இடங்களில் 9 குறைந்திருந்தது. முடிவுகள் 2020இல் வெளிவந்தன.

வித்தியாசம் ஐந்து புள்ளிதானே என்று கேட்பீர்கள். 48 ஆய்வுகளில் பங்குபற்றிய மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 2021இல் வந்தது. மேல் எண் ஐந்து குறைந்தால் மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஏறத்தாழ பத்தில் ஒன்று குறைகின்றன என்று அது காட்டியது. புது மருந்து எதுவும் இல்லாமல், இருக்கிற பணியாளர்களையும் குளிசைகளையும் கொண்டே கிடைத்த ஐந்து புள்ளி அது.

குளிசையைப் பற்றியும் நம் நாட்டிலேயே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. இலங்கைக் கிளினிக்குகளில் 700 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். ஒரு மருந்தைத் தொடங்கி, போதாவிட்டால் அளவைக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக மூன்று மருந்துகளைச் சிறிய அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அப்படிக் குடித்தவர்களில் 70 சதவீதத்தினருக்குப் பிரஷர் இலக்குக்குள் வந்தது, வழக்கமான முறையில் 55 சதவீதம். "இரண்டு மூன்று மருந்து எழுதிப்போட்டார், எனக்குக் கடும் வருத்தம்போல" என்று பயப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். சின்ன அளவில் இரண்டு மருந்து, பெரிய அளவில் ஒன்றைவிடப் பல நேரம் நல்லது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் குளிசையைப் பாதியாக உடைத்தார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தார்கள். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை இன்றும் தொடர்பவர்களைக் காண்கிறோம். "இப்ப நோர்மலாத்தானே இருக்கு, ஏன் குடிக்கவேணும்?" என்கிறார்கள். குடிப்பதால்தான் நோர்மலாக இருக்கிறது.

தாய்மாருக்கு மட்டும் ஒரு விசயம். பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரஷர் கூடியது, கால் வீங்கியது, முன்கூட்டியே வெட்டி எடுத்தார்கள் என்றால் அந்தக் கதை பிரசவத்தோடு முடியவில்லை. அப்படியானவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் குருதி அமுக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று நான்கு மடங்கு. கர்ப்ப காலத்தில் சீனி இருந்தவர்களுக்குப் பிறகு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு முதல் பத்து மடங்கு. அலுமாரியில் இருக்கும் அந்தப் பழைய கொப்பியைத் தேடி எடுங்கள். இன்றைக்கு உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் அதைக் காட்டுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

அடுத்தது உப்பு. மன்னாரில் நின்று உப்பைக் குறை சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். உப்பளமும் நம்முடையது, பேசாலைக் கருவாடும் நம்முடையது, கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைந்த நம் நெல்லுச் சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பை மிஞ்ச ஒன்றில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டே உப்பு என்கிறது. நாம் அதை இலேசாகத் தாண்டிவிடுகிறோம். கருவாட்டை விடச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, குழம்புக்கு வேறு உப்புப் போடாமல் சமையுங்கள். கருவாடு கிழமைக்கு ஒருநாள்தான். தினமும் சாப்பிடும் பாணிலும், பக்கற் நூடில்ஸிலும், அப்பளத்திலும், மோர்மிளகாயிலும், சோற்றுக்கு மேலே தூவும் உப்பிலும்தான் கூடுதலாக ஏறுகிறது.

சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரைக் கொண்டு ஐந்து வருடம் நடத்திய ஆய்வொன்று 2021இல் வந்தது. சமையல் உப்பில் காற்பங்கைப் பொற்றாசியம் உப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்தது, மரணம் 12 சதவீதம். மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்றே சொல்வோம். ஆனால் வெளிநாட்டில் இருந்து பெட்டியில் போட்டு அம்மாவுக்கு அனுப்புவதற்கு முதல் ஒரு எச்சரிக்கை. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும், லொசாட்டன், எனலப்ரில், ஸ்பைரனோலக்டோன் போன்ற மருந்து குடிப்பவர்களுக்கும் அந்த உப்பு ஆபத்தாகலாம், இரத்தத்தில் பொற்றாசியம் கூடி இதயத்தைப் பாதிக்கும். அம்மாவின் சிறுநீரகம் எப்படி என்று தெரியாமல் அனுப்ப வேண்டாம். முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக், இபுப்ரோபின் குளிசைகளும் அப்படித்தான். பிரஷரையும் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நடையைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற எண் 1960களில் யப்பானில் ஒரு காலடி அளக்கும் கருவியை விற்பதற்காகப் பிரபலமானது. அமெரிக்காவில் சராசரி 72 வயதான 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, நாளுக்கு 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களிடம் மரணம் 41 சதவீதம் குறைவு என்று கண்டது. 7,500க்குப் பிறகு பயன் மேலும் கூடவில்லை. ஆகவே பத்தாயிரம் முடியாது என்று கதிரையில் இருந்துவிடாதீர்கள். "வயலுக்குள்ளதானே நாள் முழுக்க நிக்கிறன்" என்கிற அக்காமாருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது கொஞ்சம் ஓய்வு.

வெளிநாட்டுத் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை இலவசப் பரிசோதனைக்குக் கடிதம் வரும். அதைப் பிரித்துப் பார்த்து, போய் வாருங்கள். தெற்காசியர்களான நமக்கு நீரிழிவும் இதய வருத்தமும் வெள்ளையர்களைவிட இள வயதிலேயே வருகின்றன. இங்கே இருப்பவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கென்று சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. பிரஷரும் பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையும் செய்வார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பார்ப்பவரும் ஒரு பெண்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு அழைப்பெடுக்கும்போது "சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் வரும். "போன மாதம் கிளினிக் கொப்பியில் என்ன எண் எழுதினவை?" என்று கேளுங்கள்.

பின் வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். மருத்துவ மாதுக்கள் இருவர் கருவிகளோடு இருக்கிறார்கள். தேநீர் இடைவேளைக்கு முதலே வாருங்கள், குடித்துவிட்டால் அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். சலம் கழித்துவிட்டு வந்து, ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி இருங்கள். கையை மேசையில் வைக்க வேண்டும். மடியில் வைத்தால் மேல் எண் நாலு புள்ளியும், தொங்கவிட்டால் ஆறரைப் புள்ளியும் கூடக் காட்டுகிறது என்று 2024இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. சட்டைக் கை இறுக்கமாக இருந்தால் பக்கத்தில் மறைப்புக் கட்டியிருக்கிறோம். அளக்கும்போது மட்டும் பேசாதீர்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரே வகுப்புத் தோழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது இது கடினம் என்று எங்களுக்கும் தெரியும், ஆனால் பேசினாலும் பிரஷர் ஏறும். 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் பயப்பட வேண்டாம், ஒரு துண்டில் எழுதித் தருவார்கள். அதை வேறொரு நாள் மறுபடி அளந்து உறுதிப்படுத்த வேண்டும். துண்டைக் கைப்பையில் போடாமல் உங்கள் ஊர்க் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆசிரியர்களை முதலில் விடுவோம்.