தண்ணிக்கு வரப்பு கிடையாது!

(நாகை மாவட்ட இறால் விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ராத்திரி முழுக்கப் பண்ணைக் கரையில் கண் விழிச்சிட்டு நேரா இங்கே வந்திருக்கிற விவசாயப் பெருமக்களே, இணையத்தில் படிக்கிற சொந்தங்களே!

மாட்டுக்குக் கோமாரி வராம இருக்க ஊசி போடுறோம். இறாலுக்கு வெள்ளைப்புள்ளி வந்தா? குணப்படுத்த மருந்து இல்லை. பத்து நாளுக்குள் குட்டையே காலி. 1990களின் நடுவில் இந்த நோய் நம்ம கடற்கரையில் புகுந்தபோது வரி இறால் போட்டவங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

சட்டம் இல்லையா? இருக்கு. 2005லேயே கடலோர மீன்வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தாச்சு. வெளிநாட்டு வன்னாமெய் தாய் இறால், சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிச்ச பிறகுதான் குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகணும். 2023 திருத்தத்தில் சிறைத் தண்டனையை எடுத்துட்டு அபராதம் வெச்சாங்க. வாசலில் காவல் சரி. கொல்லைப்புறம்?

ஒரு குட்டையில் நோய் கண்டதும் என்ன நடக்குது? விஷயம் வெளியே தெரிஞ்சா வியாபாரி விலையைக் குறைப்பான், கடன் கொடுத்தவன் வாசலில் நிப்பான். அந்தப் பயத்தில் ராவோடு ராவா மதகைத் திறந்து விடுறாங்க. அதே ஓடைத் தண்ணியைத்தான் காலையில் பக்கத்துப் பண்ணைக்காரர் மோட்டார் போட்டு இறைக்கிறார். வயலுக்கு வரப்பு உண்டு. தண்ணிக்கு வரப்பு கிடையாது!

அவரைத் திட்டி என்ன பயன்? உண்மையைச் சொன்னவனுக்கு நஷ்டம், மறைச்சவனுக்கு லாபம்னு இருந்தா எந்தச் சட்டமும் நிக்காது. அதனால் அரசிடம் மூணு விஷயம் கேட்கிறோம்.

ஒண்ணு, இறால் வளர்ப்பு நடக்கிற ஒவ்வொரு வட்டத்திலும் குறைந்த கட்டணத்தில் பிசிஆர் சோதனைக்கூடம்.

ரெண்டு, நோயை உடனே தெரிவிக்கிற விவசாயிக்கு அபராதம் கூடாது. குட்டைத் தண்ணியைச் சுத்திகரிக்க குளோரின் செலவை அரசு ஏற்கணும்.

மூணு, அழிஞ்சுபோன இறாலுக்கு இழப்பீடு.

உங்களிடமும் கேட்கிறேன். சோதிக்காத குஞ்சை விலை மலிவுன்னு வாங்காதீங்க. ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. இறாலில் தங்கினா ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். நோய் வந்தா மதகை அடைங்க, பக்கத்துக் கரைக்காரருக்கு முதலில் சொல்லுங்க.

நம்ம குட்டையைக் காப்பாத்துற ஒரே வழி, அடுத்தவன் குட்டையையும் காப்பாத்துறதுதான்.

ஒவ்வொரு இறால் விவசாயிக்கும் போய்ச் சேரும்வரை இதைப் பகிருங்கள்.