தைப்பட்டமும் ஒரு பரிசோதனையும்
(மொட்டைமாடித் தோட்டக் குழுக் கூட்டத்தில் பேசியது)

விதை வாங்க வந்தவர்களை இரண்டு நிமிஷம் பிடித்து வைக்கிறேன்.

தைப்பட்டத்துக்கு வெண்டை போடுங்கள். விதையை முதல் நாள் இரவே ஊறவைத்து, பைக்கு இரண்டாக ஊன்றினால் ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டுத்தான் நட வேண்டும்.

அடுத்தது, 30 வயது தாண்டிய பெண்களுக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். “எனக்குத்தான் ஒன்றும் இல்லையே” என்பீர்கள். ஒன்றும் இல்லாதபோது செய்வதுதான் இது! எச்.பி.வி. வைரஸ் தொற்றி, அது புற்றாக மாறப் பல வருஷம் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால், புற்றாகும் முன்பே சரிசெய்துவிடலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, நம் சமையலறை வினிகர் மாதிரிதான், தடவிப் பார்ப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். மாதவிடாய் நாட்களில் மட்டும் போகாதீர்கள்.

தேசியத் திட்டப்படி 65 வயது வரை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. மார்பகத்தையும் வாயையும் அப்போதே காட்டிவிடலாம். வாய்ப் பரிசோதனை ஆண்களுக்கும் உண்டு. புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அவசியம் போங்கள்.

பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் கல்யாணம் என்று காரணம் வந்துகொண்டேதான் இருக்கும். போகிற அன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது உங்கள் முறையென்றால் குழுவில் சொல்லுங்கள், நாங்கள் ஊற்றிவிடுகிறோம்.

விதைகள் லிஃப்ட் பக்கத்து மேஜையில் இருக்கின்றன.