தொலைவும் காற்றும்



இயற்கைக் காட்சி ஒன்று வரைக என்றால், நம் பிள்ளைகளுள் பலர் இரண்டு மலைகளையும் அவற்றினிடையே எழும் ஞாயிற்றையும் தீட்டுவர். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஞாயிறு கடலிலிருந்தன்றோ எழுகின்றது! ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே: உங்கள் ஊரின் தொலைவைக் கண்டு வரையுங்கள்.

தொலைவிலுள்ள பொருள் சிறுத்துத் தோன்றும் என்பதை எல்லோரும் அறிவர். ஆயினும் அது மட்டும் போதாது. நமக்கும் அப்பொருளுக்கும் இடையே காற்று நிற்கின்றது. தொலைவு மிகுந்தோறும் நிறம் வெளிறும், விளிம்பு மங்கும், ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு குறையும். இதனை இத்தாலிய ஓவியர் லியோனார்டோ டா வின்சி (1452-1519) நுணுகி ஆராய்ந்து எழுதி வைத்தார்.

தூய காற்றின் நுண்ணிய மூலக்கூறுகள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்யும். அதனால் தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிகின்றது. புகை, தூசு, நீர்த்துளி ஆகியவற்றின் பெரிய துகள்களோ எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறச் செய்யும். அப்போது தொலைவு வெண்சாம்பல் நிறம் கொள்ளும்.

எண்ணூரில், கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் நின்று பாருங்கள். அருகே படகும் அலையாத்திச் செடியும்; நடுவே நீர்ப்பரப்பு; அப்பால், 1994இல் மின்னாக்கம் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்.

இதனைத் தீட்ட அக்ரிலிக் வண்ணம் ஏற்றது. ஈரமாக இருக்கும்போது நீரில் கரையும்; விரைவில் உலரும்; உலர்ந்தபின் கரையாது. ஆகவே வானையும் புகைபோக்கிகளையும் முதலில் தீட்டி உலரவிடுங்கள். வெள்ளையில் சிறிது சாம்பல் நிறம் கலந்து, நீர் விட்டு, மெல்லிய திரைபோல அவற்றின்மேல் பூசுங்கள். அடியிலுள்ள நிறம் கலங்காது. அத்திரைதான் காற்று! இவ்வண்ணம் உலரும்போது சற்றே கருக்கும். எனவே தொலைவுக்குரிய நிறத்தை ஒரு படி வெளிறலாகவே குழைத்துக்கொள்க. அருகிலுள்ள படகை இறுதியில், அழுத்தமான நிறத்தில் தீட்டுக.

“வானம் நீலமாக இருந்தால்தானே அழகு?” என்று சிலர் கேட்பர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது இக்கழிமுகத்தில் எண்ணெய் பரவிற்று. அலையாத்திகளின் அடியில் கறை படிந்தது. மீனவர் தொழில் முடங்கியது. அக்கரையை முன்னும் பின்னும் ஒரு மாணவன் உள்ளவாறே தீட்டியிருப்பின், அவ்விரு படங்களும் ஊருக்குச் சான்றாக நிற்குமன்றோ?

ஆகவே, திங்கள்தோறும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் தீட்டுங்கள்; பின்புறத்தில் நாளும் நேரமும் குறியுங்கள். ஓராண்டு கழித்துப் பன்னிரண்டு படங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நீங்கள் மூச்சாக இழுக்கும் காற்று, அன்று உங்கள் கண்ணுக்குப் புலப்படும்.