பேரன் பிறந்தால் தாத்தாவுக்குப் புதுப் பெயர்



நம்மவர் வீடுகளில் முதல் பேரன் பிறந்தால் தாத்தாவின் பெயரை வைப்பது பழைய வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். நம்மிடம் பெயர் மேலிருந்து கீழே இறங்குகிறது. சரவாக்கின் வடகிழக்கில், இந்தோனேசிய எல்லையை ஒட்டிய மலைமேட்டில் வாழும் கெலாபிட் மக்களிடம் இது தலைகீழ். அங்கே முதல் பேரப்பிள்ளை பிறந்தால் தாத்தாவும் பாட்டியும் புதுப் பெயர் பெறுகிறார்கள். பிள்ளையைப் பெற்ற தம்பதியரும் பழைய பெயரை விட்டுவிடுகிறார்கள். பிள்ளைப் பருவத்தில் ஒரு பெயர், பெற்றோரானதும் ஒரு பெயர், பேரன் பேத்தி எடுத்ததும் மற்றொன்று. ஆக, ஒரே மனிதருக்கு வாழ்நாளில் மூன்று பெயர். அடையாளக் கார்டில் பொதுவாகப் பழைய பெயரே இருக்கும். அது அரசாங்கத்துக்கு, ஊருக்கு வேறு கணக்கு.

பெயரை அவர்களாகவே மாற்றிக்கொண்டால் செல்லாது. ஊரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டும். இதற்கு இராவ் என்று பெயர். பன்றி அடிப்பார்கள், குழைய வேகவைத்த சோற்றை இலையில் பொட்டலமாகக் கட்டிப் பரிமாறுவார்கள். கூட்டத்தின் முன்னால் புதுப் பெயர் அறிவிக்கப்படும். பெயருக்குப் பொருளும் உண்டு. 'டோ' என்றால் நல்லது. 'ரிபூ' என்றால் ஆயிரம். முன்பு இராவ் என்றால் போராக் என்னும் அரிசி மது ஓடும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கெலாபிட் மக்கள் கிறிஸ்துவர்களானார்கள். மது போய்த் தேநீரும் காப்பியும் வந்தன. விருந்து மட்டும் போகவில்லை.

பழைய இராவ் இன்னும் பெரியது. ஊரில் முக்கியமானவர் இறந்தால் உடனே அடக்கம் செய்ய மாட்டார்கள். உடலைச் சாடியிலோ மரப்பெட்டியிலோ ஓராண்டுக்கும் மேல் வைத்திருந்து, நெல்லும் எருமையும் பன்றியும் சேர்ந்த பிறகு விருந்து வைத்து இடுகாட்டுக்குக் கொண்டு போவார்கள். அந்த விருந்தின்போது ஆட்கள் கூடிப் பெருங்கல்லை இழுத்து வந்து நிறுத்துவதும், மலை முகட்டில் மரங்களை வெட்டித் தொலைவிலிருந்து தெரியும்படி ஓர் இடைவெளி உண்டாக்குவதும் உண்டு. அந்தக் கற்கள் இன்றும் காடுகளில் நிற்கின்றன. பெருபுன் என்னும் கற்குவியல்களும் உண்டு. வாரிசு இல்லாதவர்கள் தங்கள் மணிகளையும் சாடிகளையும் அதன் அடியில் புதைத்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளை இல்லாதவருக்குப் பெயர் மாற வழியில்லை. கல்லாவது இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ!

இத்தனைக்கும் அடிப்படை நெல். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே, குளிர்ந்த பள்ளத்தாக்கில், எருமையை விட்டு மிதிக்க வைத்த சேற்று வயலில் ஆண்டுக்கு ஒரே போகம். நம் இல்லத்தரசிகள் பேரங்காடியில் விலையைப் பார்த்துத் தயங்கும் பாரியோ அரிசி அதுதான். உப்புக்குக்கூட அவர்கள் கடற்கரைக்குப் போனதில்லை. பா உமோர் கிராமத்து உப்பு ஊற்றின் நீரைக் காய்ச்சியே எடுத்துக்கொண்டார்கள். சோறு போட முடிந்தவரைத்தான் 'லுன் மெரார்', அதாவது பெரிய மனிதர் என்பார்கள். வயது மட்டும் போதாது, சம்பளமும் போதாது. பிள்ளை வேண்டும், வயல் வேண்டும், வருபவருக்குப் போடச் சோறு வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. 1945-இல் டாம் ஹாரிசனும் அவருடைய ஆட்களும் பாராசூட்டில் வந்து இறங்கியபோது வெளியுலகத்துக்கு அதிகம் தெரியாத இடம் அது. 1963-இல் தொடங்கிய இந்தோனேசிய மோதலின்போது எல்லைக் கிராமங்களில் இருந்தவர்களைப் பாரியோவுக்குக் குடிபெயர்த்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது. இருபது பேர்கூட ஏற முடியாத சிறு விமானம் வந்தது. படிப்பை இறுகப் பிடித்துக்கொண்ட சமூகம் இது. பாரியோவில் பிறந்த இட்ரிஸ் ஜாலா 2005-இல் மலேசிய விமான நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையும், 2009-இல் அமைச்சர் பதவியையும் ஏற்றார். சில ஆயிரம் பேரே உள்ள இனத்துக்கு இது சாதாரணச் சாதனை அல்ல. ஆனால் படித்தவர்கள் மீரியிலும் கூச்சிங்கிலும் கோலாலம்பூரிலும் தங்கிவிட்டார்கள். மலைமேட்டில் இருப்பவர்களைவிட வெளியே வாழ்பவர்களே இன்று அதிகம். எல்லைக்கு அந்தப்புறக் கெராயான் பகுதியிலிருந்து வந்தவர்கள் பல வயல்களில் கூலிக்கு நட்டும் அறுத்தும் கொடுத்தார்கள். பிறகு இயந்திரங்களும் வந்தன.

பிள்ளைகளைப் படிக்க அனுப்பியது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. நம் தோட்டப்புறங்களிலிருந்து பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனபோது நாமும் மகிழ்ந்தோம் அல்லவா? தோட்டம் நம்முடையதாக இருக்கவில்லை, விட்டு வந்தோம். கெலாபிட் குடும்பத்துக்கு வயல் சொந்தம், பெரிய மனிதர் என்ற பெயரும் அந்த வயலோடு ஒட்டியது.

மீரி மருத்துவமனையில் பிறக்கும் பேரன் பாரியோவில் இருக்கும் தாத்தாவுக்குப் புதுப் பெயரைக் கொடுத்துவிடுகிறான். விமானம் ஏறி வந்து விருந்தும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் தாத்தாவின் வயலில் அடுத்த நடவுக்கு யார் இறங்குவது என்பதைத்தான் அந்தக் குடும்பம் இன்னும் பேசி முடிக்கவில்லை.