பேசாதவருக்கான தேர்வு

மனிதர் எழுதும் நிரலைக் கணிப்பொறியின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். 1957-ஆம் ஆண்டில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழிக்குக் கம்பைலர் அளித்தபோது, கையால் எழுதிய கட்டளைகளின் வேகம் இதற்கு வருமா என்று பலர் ஐயுற்றனர். ஆகவே, வீண் கணக்குகளை நீக்கிக் கட்டளைகளைச் செம்மைப்படுத்தும் வேலையையும் அக்குழுவினர் கம்பைலரிடமே ஒப்படைத்தனர். இதனை மெருகேற்றல் எனலாம்.

எவ்வளவு மெருகு வேண்டும் என்பதை இன்று நாமே சொல்லலாம். ஜி.சி.சி. என்னும் கம்பைலரில் 'ஓ0' என்றால் மெருகு இல்லையென்றே கொள்ளலாம். 'ஓ2' என்றால் போதிய மெருகு. 'ஓ3' அதனினும் மிகுதி. ஒன்றும் சொல்லாவிட்டால் 'ஓ0' தான். பலர் கூடி எழுதும் நிரலிலோ, ஒன்றும் சொல்லாதவருக்கு எது கிடைக்கவேண்டும் என்பதை ஒருவர் முன்னரே குறித்துவைக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நண்பர்கள் கூடி எழுதிய கணித நிரல் ஒன்றில் அப்பொறுப்பு என்னிடம் வந்தது. வேகத்தில் மயங்கிய நான் 'ஓ3' என்று குறித்தேன். என் கணிப்பொறியின் சிறப்புக் கட்டளைகள் யாவற்றையும் பயன்படுத்துமாறு பணித்தேன். 'ஃபாஸ்ட் மேத்' என்னும் விரைவுக் கணக்கையும் சேர்த்தேன். நிரல் பறந்தது, நானும் பெருமிதம் கொண்டேன்.

பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை. நான் ஆக்கித் தந்த நிரல், பழைய கணிப்பொறி வைத்திருந்த நண்பரிடம் தொடங்கிய உடனே நின்றுவிட்டது. என் பொறி அறிந்த கட்டளையை அவர் பொறி அறியாது! மற்றொருவர், கூட்டுத்தொகை பிழைபடுகிறது என்றார். இது முன்னதினும் கொடிது. நின்ற நிரல் தன் குறையைக் காட்டிவிடும், தவறான விடையோ சரியான விடைபோலவே நிற்கும்.

காரணம் என்ன? பெரிய எண்ணுடன் சிறிய எண்ணைக் கூட்டும்போது கடைசி இலக்கங்கள் உதிர்ந்துபோகும். உதிர்ந்ததைக் கண்டறிந்து அடுத்த கூட்டலில் சேர்க்கும் முறையை வில்லியம் கஹான் 1965-இல் வெளியிட்டார். எங்கள் நண்பர் அம்முறையைத்தான் கையாண்டிருந்தார். ஆனால் இயற்கணிதப்படி பார்த்தால் அந்த மிச்சம் சுழியமே. விரைவுக் கணக்கில் கம்பைலருக்கு அவ்வாறு கொள்ள உரிமை உண்டு. அது மிச்சத்தைச் சுழியமென்று நீக்கிவிட்டது. அவர் உழைப்பை என் ஒரு சொல் அழித்தது.

பின்னர் 'ஓ2' நிலையைப் பொதுவாக்கினோம்; பிழை தேடுவதற்குரிய குறிப்புகளையும் உடன் சேர்த்தோம். டெபியன் தொகுப்பும் இவ்வழியையே பின்பற்றுகிறது. மிகுந்த வேகம் வேண்டுவோர் தாமே கேட்டுப் பெறுமாறு அதனைத் தனியே வைத்தோம்.

2023-இல் ஃபெடோரா 38 இன்னும் ஒரு படி சென்றது. எந்தப் பகுதியில் நேரம் செலவாகிறது என்பதை எவரும் எளிதில் அளக்க உதவும் ஓர் அமைப்பை, வேகம் சற்றுக் குறைந்தாலும் தன் தொகுப்புகளுக்கெல்லாம் பொதுவாக்கியது. நீண்ட விவாதத்திற்குப் பின்னரே அம்முடிவு எட்டப்பட்டது.

நண்பர்களே, வல்லவர் தமக்கு வேண்டியதைத் தாமே மாற்றிக்கொள்வர். மாற்றத் தெரியாதவரோ, நாம் வைத்ததை நம்பி ஏற்பவர். அந்த நம்பிக்கைக்கு உரியதே பொதுத் தேர்வு ஆகும்.