முதல் பந்திக்கு வேகாத சோறா?

(பட்டிமன்றத் தலைப்பு: வீடியோ கேம்கள் அரைகுறையாக வெளிவரக் காரணம் விற்பவரின் அவசரமா? வாங்குபவரின் ஆவலா? 'விற்பவரின் அவசரமே' என்ற அணியில் பேசியது.)



தமிழ் வாத்தியாருக்கும் வீடியோ கேமுக்கும் என்னய்யா சம்பந்தம்னு சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கு. நாங்க பிழை திருத்தியே பிழைப்பு நடத்துறவங்க. (சிரிப்பு) பிழையோட ஒரு பொருள் வெளியே வந்தா எங்களுக்குத் தூக்கம் வராது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீடியோ கேம்னா பாம்பு ஓடுற, பந்து உருள்ற சமாச்சாரம்னு நினைச்சிடாதீங்க. இன்றைக்கு அது சினிமாவை விடப் பெரிய உழைப்பு. நூற்றுக்கணக்கான பேர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஒரு நகரத்தையே கட்டுகிறார்கள். அதில் கதை உண்டு, வசனம் உண்டு, இசை உண்டு. ஆடுகிறவன்தான் கதாநாயகன். அப்படிப்பட்ட பொருள் முடியாமல் வெளியே வந்தால் யார் குற்றம் என்பதுதான் வழக்கு.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு பழமொழி சொன்னார்கள். "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?" வாங்குகிறவனுக்குப் பொறுமை இல்லையாம், அதனால் விற்கிறவன் பாவம், அவசரப்பட்டுவிட்டானாம். அம்மா, பழமொழி நல்ல பழமொழி. ஆனால் நீங்கள் அதைத் தப்பான ஆள் மேல எறிஞ்சிட்டீங்க. (கைதட்டல்)

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். சைபர்பங்க் 2077 என்று ஒரு விளையாட்டு. போலந்து நாட்டில், வார்சா நகரத்தில் இருக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட் என்ற நிறுவனம் செய்தது. செய்யப்போகிறோம் என்று அவர்கள் அறிவித்தது 2012-ல். 2019 ஜூனில் ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸை மேடையேற்றி, 2020 ஏப்ரல் 16-ல் வெளியீடு என்றார்கள். ஏப்ரல் போய் செப்டம்பர் ஆச்சு. செப்டம்பர் போய் நவம்பர் ஆச்சு. நவம்பர் போய் டிசம்பர் 10 ஆச்சு. ஆக மொத்தம் எட்டு வருஷம் காத்திருந்தான் ஐயா வாங்குகிறவன்! பிறந்த குழந்தை மூணாம் வகுப்புக்குப் போயிருக்கும். (சிரிப்பு) ஆக்கப் பொறுத்தான், ஆறவும் பொறுக்கத் தயாராக இருந்தான். வேகுறதுக்கு முன்னாடி அடுப்பை அணைச்சது யார்? சமையல்கட்டில் இருந்தவர்கள்!

வந்தது எப்படி வந்தது? பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று லட்சக்கணக்கான வீடுகளில் இருந்த பழைய கருவிகளில் அது தடுமாறியது. படம் திக்கித் திணறியது. பாதியில் நின்று போனது. மனிதர்கள் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்கள். (சிரிப்பு) வெளியான எட்டாம் நாள், 2020 டிசம்பர் 18-ல், சோனி நிறுவனமே தன் கடையிலிருந்து அந்த விளையாட்டைத் தூக்கிவிட்டது. மறுபடியும் அது கடைக்கு வந்தது 2021 ஜூன் 21-ல். ஆறு மாதம் கழித்து!

இன்னொரு செய்தியைக் கவனியுங்கள். வெளியீட்டுக்கு முன்னால் விமர்சகர்களுக்கு அவர்கள் கொடுத்தது உயர்ந்த ரகக் கம்ப்யூட்டரில் ஓடுகிற பிரதி. பழைய கருவியில் ஓடுகிற பிரதியைக் கண்ணிலேயே காட்டவில்லை. பெண் பார்க்க வந்தபோது அக்காவைக் காட்டிவிட்டு, மணமேடையில் தங்கையை உட்கார வைத்தால், அதற்குப் பெயர் மாப்பிள்ளையின் அவசரமா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி நண்பர் கேட்டார்: "முன்பதிவு செய்யச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினது?" அருமையான கேள்வி. 80 லட்சம் பேர் முன்பதிவு செய்தார்கள். விளையாட்டு வெளிவந்த கையோடு அந்த நிறுவனமே அறிவித்தது: முன்பதிவால் வரவேண்டிய வருமானமே ஆக்கிய செலவைத் தாண்டிவிட்டதாம்! மொய்ப்பணம் முழுக்க முதல்லயே வந்தாச்சு. இனி சாம்பார்ல உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? (சிரிப்பு) முன்பதிவு என்பது ஆவல் மட்டும் இல்லை, நடுவர் அவர்களே. அது நம்பிக்கை. "நீ இதற்கு முன்னால் நல்ல விளையாட்டுச் செய்தவன், இதையும் நன்றாகச் செய்வாய்" என்று பார்க்காமலே கொடுக்கிற பணம். நம்பினவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாமா?

வெளியீட்டைத் தள்ளிப்போட்டபோது சில ரசிகர்கள் கொலை மிரட்டல்கூட விடுத்தார்கள் என்று சொன்னீர்கள். உண்மை. அது அநியாயம், காவல்துறை பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் வெளியீட்டுத் தேதியைக் குறித்தது ரசிகனா? 2021 ஜனவரி 13-ல் அந்த நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். வெளியிடுவது என்று முடிவெடுத்தது நானும் தலைமையும்தான், எங்கள் ஊழியர்களைக் குறை சொல்லாதீர்கள் என்ற பொருளில் பேசினார். எதிரணித் தோழர்களே, குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு நீங்கள் எதற்காக வக்காலத்து வாங்குகிறீர்கள்? (பலத்த கைதட்டல்)

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் ஓடோ ஓடென்று ஓடியது. அதை விளையாட்டாக்கி அந்த கிறிஸ்துமஸுக்கே விற்க வேண்டும் என்று அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ஆசைப்பட்டது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஒரு மனிதரிடம் ஏறக்குறைய 5 வாரம் கொடுத்தார்கள். இதே மனிதர் பல மாதம் உழைத்துச் செய்த 'யார்ஸ் ரிவெஞ்ச்' அமோகமாக விற்றது. நேரம் கொடுத்தபோது ஜெயித்த அதே கை, நேரம் கொடுக்காதபோது தோற்றது. ஈ.டி. விளையாட்டில் அந்தப் பாவப்பட்ட பிராணி குழியில் விழும், ஏறும், மறுபடி விழும். கடைசியில் விற்காத சரக்கையே 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தால் ஈ.டி. பெட்டிகள் வெளியே வந்தன. வார்ஷா பின்னாளில் மனநல ஆலோசகர் ஆகிவிட்டார். ஆகாமல் என்ன செய்வார்? (சிரிப்பு)

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். "அப்புறம் சரி பண்ணிட்டாங்களே!" என்றார்கள். பண்ணினார்கள். மறுக்கவில்லை. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்ட் என்ற ஊரில் ஹலோ கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்று ஒன்றை வெளியிட்டது. 18-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு கிரகம்! ஆனால் முதல் நாளே இரண்டு பேர் ஒரே கிரகத்தில், ஒரே இடத்தில் போய் நின்று பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரியவில்லை. (சிரிப்பு) சேர்ந்து ஆடும் வசதி முழுமையாக வந்து சேர்ந்தது 2018 ஜூலையில். அத்தனை திருத்தத்தையும் இலவசமாகவே கொடுத்தார்கள்; பாராட்டுவோம். சைபர்பங்கும் 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய திருத்தத்துக்குப் பிறகு நல்ல பெயர் எடுத்தது.

இந்தத் திருத்தத்துக்கு 'பேட்ச்' என்று பெயர். பேட்ச்னா ஒட்டு. கிழிஞ்ச வேட்டிக்கு ஒட்டுப் போடலாம். புது வேட்டியையே ஒட்டோட விக்கலாமா? (கைதட்டல்)

சரி, ஒட்டுப் போட்ட பிறகு யாருக்கு லாபம்? கல்யாண வீட்டை நினைச்சுப் பாருங்க. முதல் பந்தியில் உட்காருகிறவன் யார்? ஊரிலிருந்து முதல் ஆளாக ஓடிவந்த சொந்தக்காரன். அவன் இலையில் வேகாத சோறு. "கோவிச்சுக்காதீங்க, உப்பு அடுத்த வாரம் வீட்டுக்கே வரும், ரசம் ரெண்டு வருஷத்துல வந்துரும்" என்கிறார்கள். (பலத்த சிரிப்பு) கடைசிப் பந்திக்கு நிதானமாக வந்தவனுக்குத் தலைவாழை இலை, வடை பாயசம், அதுவும் பாதி மொய்யில்! நடுவர் அவர்களே, நம்பினவனுக்குத் தண்டனை, நம்பாதவனுக்குப் பரிசு. இதுதான் நடக்கிறது. பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை, காசு கொடுத்து வாங்கினவன் தலையில் கட்டுகிறார்கள்.

என் தங்கை மகன், முதல் சம்பளத்தில் இப்படி ஒரு விளையாட்டை வாங்கினான். எந்த விளையாட்டு என்பது வேண்டாம். ஆசையாக என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தான். கதாநாயகன் நடந்தான், சுவருக்குள்ளேயே போய்விட்டான். நான் ஏதோ சித்தர் கதை என்று நினைத்தேன். (சிரிப்பு) பிறகு எல்லாம் உறைந்து நின்றுவிட்டது. பையன் திட்டவில்லை. "மாமா, என் மெஷின்தான் பழசு போல. நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன்"னு சொன்னான். அடுத்த நாள் செய்தி பார்த்துத்தான் அவனுக்கே தெரிந்தது, ஊரெல்லாம் இதே கதை என்று. பணம் போனது பெரிதில்லை ஐயா. அடுத்தவன் செய்த பிழைக்கு அவன் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டானே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பையனையா 'ஆவலால் கெட்டான்' என்று எதிரணி சொல்கிறது? (கைதட்டல்)

முடியாத பொருளை விற்கவே கூடாதா? விற்கலாம், சொல்லிவிட்டு விற்கலாம். பெல்ஜியம் நாட்டு லாரியன் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டின் முதல் பகுதியை 2020 அக்டோபரில் கொடுத்தது. இது இன்னும் முடியவில்லை, பிழை இருக்கும், விருப்பமிருந்தால் வாங்குங்கள் என்று தெளிவாகச் சொல்லியே கொடுத்தது. வாங்கினவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டது. 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்டது. உலகமே கொண்டாடியது. அங்கேயும் வாங்கினவனுக்கு ஆவல் இருந்தது; ஆனால் விற்றவனிடம் அவசரம் இல்லை. ஆவல் ஒன்றேதான், விளைவு வேறாகிவிட்டது. அப்படியானால் காரணம் எது?

(மணி ஒலிக்கிறது) முடித்துவிடுகிறேன் ஐயா. நான் அரைகுறையாக விட்டுவிட்டுப் போனால் என் வாதமே போய்விடும். (சிரிப்பு)

நம் மண்ணில் ஒரு நூல் எழுதினால் அரங்கேற்றம் என்று ஒன்று உண்டு. தொல்காப்பியமே பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. குற்றம் பார்க்க வேண்டியவர்கள் முதலில் பார்த்தார்கள். மக்கள் கைக்கு வந்தது பிறகுதான். இன்றைக்கு மக்கள் கையில் கொடுத்துவிட்டு, பிறகு குற்றம் பார்க்கிறார்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, காத்திருந்தவனைக் குறை சொல்லாதீர்கள். பார்க்காமலே ஒருவன் பணத்தை நீட்டினால், அந்தப் பணத்தோடு சேர்த்துத் தன் நம்பிக்கையையும் நீட்டுகிறான். வாங்கிக்கொண்டவனுக்குத்தான் பொறுப்பு. முடித்துக் கொடு; முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லிக் கொடு. இரண்டும் செய்யாதவன் அவசரமே குற்றம் என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)