நீர்மட்டத்துக்கு மேலே மின்சாரம்



கேரளத்தின் குட்டநாடு, கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்களில் விவசாயத் தொழிலாளர்கள் நெல் விளைவிக்கும் பூமி. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் அம்மக்கள் வீடுகளைவிட்டு முகாம்களுக்குச் செல்ல நேர்ந்தது. வெள்ளம் சூழும்போது உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க மின் இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். அதன்பின் முகாமின் குடிநீர் மோட்டாரும், இன்சுலின் காக்கும் குளிர்பெட்டியும் ஜெனரேட்டரையே நம்பியிருக்கும். அதைத் தரைத்தளத்தில் நிறுவினால் முதலில் மூழ்குவது அதுவே.

ஜெனரேட்டர், டீசல், சுவிட்ச் பலகை மூன்றும் 2018 வெள்ளக்கோட்டுக்கு மேலே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று கீழே இருந்தாலும் முகாம் இருளும். டீசல் தீர்ந்தால் சூரியத் தகடும் மின்கலமும் விளக்கேற்றும். மாதந்தோறும் இயக்கிப் பார்க்க ஆள் வேண்டும். அதற்கு ஊராட்சியிடம் நிதி வேண்டும். வாங்குவதற்கு ஒதுக்கிவிட்டுப் பராமரிப்பைக் கைவிடும் அரசு, மக்களை இருட்டில் கைவிடுகிறது. பராமரிப்பு நிதி மக்களின் உரிமை. அடுத்த மழைக்கு முன்பே அதைப் போராடிப் பெறுவோம்!